ஓட்டை எத்தனை என்று கேட்காதீர்கள்

பித்தப்பையில் கல் என்று டாக்டர் சொன்னதும் நம்மவர்கள் கேட்கிற முதல் கேள்வி ஒரு காலத்தில் "கத்தியா, லேசரா டாக்டர்?" என்பதாக இருந்தது. (லேசர் அப்போதும் கிடையாது, இப்போதும் கிடையாது. லேப்ராஸ்கோப்பிக்கு நம்மூர் ஜனங்கள் வைத்த பெயர் அது. இங்கே லக்னோவில் 'தூர்பீன் வாலா ஆபரேஷன்' என்கிறார்கள். தூர்பீன் என்றால் தொலைநோக்கி. லேசருக்கு இது எவ்வளவோ தேவலை, குழாயும் லென்ஸுமாவது நிஜமாக இருக்கிறது.) இப்போது கேள்வி மாறிவிட்டது. "நாலு ஓட்டையா, ஒரு ஓட்டையா, இல்ல ரோபோவா?"

இந்தக் கேள்வியில் தொடங்கினால் தப்பான இடத்தில்தான் போய் நிற்போம் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, பேங்க் பரீட்சை எழுதி, மாற்றல் ஆணை காட்டிய பக்கமெல்லாம் போய், இப்போது எட்டு வருஷமாக உத்தரப் பிரதேசத்தில் இருக்கிறவன். எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒருத்தர் காட்டுகிற எண்ணுக்கும் நிஜ எண்ணுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பது. போன வருஷம் தங்கமணிக்கு பித்தப்பையில் கல் என்று ஸ்கேனில் வந்தபோது அந்தப் பழக்கத்தோடுதான் படிக்க உட்கார்ந்தேன். படித்தது வீணாகக் கூடாது, வெளி மாநிலத்தில் இருக்கிற நம் குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு சுவாரசியமான தகவல். ரயில்வே மருத்துவத் துறையில் இருந்த எஸ்.எல். மல்ஹோத்ரா என்பவர் 1968-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். இந்தியா முழுக்க ரயில்வே ஊழியர்களை வைத்துப் பார்த்ததில், வட இந்திய ஊழியர்களுக்குப் பித்தப்பை கல் தென்னிந்திய ஊழியர்களைவிட ஏழு மடங்கு அதிகம் என்று கண்டார். கல்லின் ஜாதியும் வேறு. இங்கே பெரும்பாலும் கொலஸ்ட்ரால் கல், நம் பக்கத்தில் நிறமிக் கல் அதிகம். இங்கே குடிவந்தால் நமக்கும் கல் வந்துவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் இங்கே இருக்கிற சர்ஜன்களுக்கு இந்த ஆபரேஷன் தண்ணி பட்ட பாடு என்று அர்த்தம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் உதவும்.

எங்களுக்கு வந்த மூன்று பேக்கேஜ்

நாங்கள் முதலில் போன ஆஸ்பத்திரியின் (பெயர் வேண்டாம்) கவுன்சலிங் மேஜையில் ஒரு வழவழ அட்டையை நீட்டினார்கள். மூன்று பேக்கேஜ். சாதா லேப்ராஸ்கோப்பி, ஒற்றைத் துளை, ரோபோ. கார் ஷோரூமில் பேஸ் மாடல், மிட் மாடல், டாப் மாடல் என்று காட்டுவார்களே, அதே வரிசை. ரோபோவுக்கு சாதாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. "ஃபாஸ்ட் ரெக்கவரி" என்று மூன்றாவதுக்கு நேரே நட்சத்திரம் போட்டிருந்தது. பேங்க்காரனுக்கு ரெக்கவரி என்ற வார்த்தையைப் பார்த்தாலே சந்தேகம்தான். எவ்வளவு நாளில், யார் கணக்குப்படி என்று கேட்கத் தோன்றும். கேட்டேன். சிரித்தார்கள், பதில் வரவில்லை.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நாலு துளை

இதுதான் பழைய, சாதா முறை. தொப்புள் பக்கத்தில் ஒரு துளை, நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒன்று, வலது விலாவுக்குக் கீழே சின்னதாக இரண்டு. பெரிய துளை 10 மில்லிமீட்டர், சின்னது 5. வயிற்றை கார்பன் டை ஆக்சைடு வாயுவால் உப்ப வைத்து, கேமராவில் பார்த்துக்கொண்டே பித்தப்பையைப் பிரித்து எடுக்கிறார்கள்.

இதை முதலில் செய்தவர் எரிக் மூஹே என்ற ஜெர்மன் டாக்டர், 1985-ல். நம் நாட்டில் 1990-ல் மும்பையில் டாக்டர் டெஹம்டன் உத்வாடியா தொடங்கி வைத்தார். அடுத்த சில வருஷங்களிலேயே கோவையில் டாக்டர் பழனிவேலு இதைக் கையில் எடுத்தார். ஆக, இந்தியாவில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஓடித் தேய்ந்த பாதை இது. எங்கே பள்ளம், எங்கே மேடு என்று எல்லோருக்கும் தெரியும்.

விலாவுக்குக் கீழே நீளமாகக் கிழிக்கிற பழைய ஆபரேஷனோடு ஒப்பிட்டால் இதன் வெற்றியில் சந்தேகமே இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2006-ம் ஆண்டு கோக்ரேன் மதிப்பீட்டில், ஆஸ்பத்திரியில் இருக்கிற நாள் சுமார் மூன்றும், பழைய நிலைக்குத் திரும்பும் காலம் சுமார் மூன்று வாரமும் குறைந்தது என்று வந்திருக்கிறது. அதாவது பெரிய லாபம் எல்லாம் அந்த முதல் தாவலிலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்தவையெல்லாம் அந்த லாபத்தின் மேல் காலணா, அரையணா சேர்க்கப் பார்க்கிற முயற்சிகள். சேர்ந்ததா என்பதுதான் கேள்வி.

ஒரு துளை

தொப்புளுக்குள்ளேயே ஒரே துளை, அதன் வழியாக எல்லாக் கருவியும். ஆறிய பிறகு தழும்பு தொப்புளுக்குள் ஒளிந்துகொள்ளும். 1997-லேயே இத்தாலியில் செய்து காட்டினார்கள். 2008-க்குப் பிறகு உலகமெங்கும் பரபரப்பாகி, நம் ஊர் விளம்பரப் பலகைகளுக்கும் வந்துவிட்டது.

திருப்தி என்று எடுத்தால் இது ஜெயிக்கிறது. தழும்பைப் பற்றிக் கேட்டால் ஒற்றைத் துளைக்காரர்கள் அதிக மதிப்பெண் போடுகிறார்கள். ஆனால் 2013-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். 200 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு வருஷம் பின்தொடர்ந்தார்கள். ஆபரேஷன் செய்த இடத்தில் ஹெர்னியா வந்தது நாலு துளைக்காரர்களில் 1.2 சதவீதம், ஒற்றைத் துளைக்காரர்களில் 8.4 சதவீதம். வலியும் ஒற்றைத் துளைக்குக் குறையவில்லை, கூடத்தான் செய்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். துளை ஒன்றுதான், ஆனால் அது பெரிய துளை. நாலு சின்ன ஜன்னலுக்குப் பதில் ஒரு வாசல். அந்த வாசல் சரியாக மூடாவிட்டால் குடல் எட்டிப் பார்க்கும். அதற்கு இன்னொரு ஆபரேஷன்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். தழும்பைப் பற்றிக் கவலைப்படுவது அற்பமான விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். கல்யாணமாகாத இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு அது முக்கியமாக இருக்கலாம், அவள் உடம்பு, அவள் முடிவு. ஆனால் எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் விற்க வேண்டும். அந்த வழவழ அட்டையில் ஹெர்னியா என்ற வார்த்தையே இல்லை.

தங்கமணி அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னது இது: "என்னங்க, ரெண்டு சிசேரியன் பார்த்த வயிறு இது. இதுல நாலு புள்ளி கூட வந்தா யாரு எண்ணப் போறா? பத்து நாள்ல குனிஞ்சு நிமிர முடியுமான்னு மட்டும் கேளுங்க." மூன்று பேக்கேஜையும் ஒப்பிட இதைவிட நல்ல அளவுகோலை நான் எந்த ஆய்விலும் பார்க்கவில்லை.

ரோபோ

ரோபோ தானாக ஆபரேஷன் செய்யாது. சர்ஜன் பக்கத்தில் உள்ள ஒரு மேஜையில் உட்கார்ந்து கைப்பிடிகளை அசைக்க, இயந்திரக் கைகள் உள்ளே அசைகின்றன. 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் இருந்த ஒரு பெண்மணிக்கு ஆபரேஷன் செய்து உலகை வாய்பிளக்க வைத்தார்கள். அதுவும் பித்தப்பை ஆபரேஷன்தான். புராஸ்டேட் போல இடுக்கான இடங்களில் இந்த இயந்திரத்துக்கு நல்ல உபயோகம் உண்டு. அதை மறுக்கவில்லை.

ஆனால் சாதாரண பித்தப்பைக்கு? 2023-ல் ஜாமா சர்ஜரி இதழில் வந்த ஆய்வில், அமெரிக்காவின் மெடிகேர் காப்பீட்டில் உள்ள 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பித்தப்பை ஆபரேஷன்களை எடுத்துப் பார்த்தார்கள். ரிப்பேர் தேவைப்படுகிற அளவுக்குப் பித்தநாளம் காயப்பட்டது லேப்ராஸ்கோப்பியில் 0.2 சதவீதம், ரோபோவில் 0.7 சதவீதம். இது குலுக்கல் முறை ஆய்வு இல்லை, மெடிகேரில் இருப்பவர்களும் பெரும்பாலும் வயதானவர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் இரண்டு மடங்கு காசு கொடுக்கிறவன் கேட்க வேண்டிய கேள்வியை இது எழுப்புகிறதா இல்லையா?

பித்தநாளம் காயப்படுவது சின்ன விஷயம் இல்லை. பித்தநீர் வயிற்றுக்குள் கசியும், மஞ்சள் காமாலை வரும், மறுபடி பெரிய ஆபரேஷன். எங்கள் லக்னோவின் சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ நிறுவனத்துக்கு இப்படிக் காயப்பட்டவர்கள் வெளியூர்களிலிருந்து ரிப்பேருக்காக அனுப்பப்பட்டு வருகிறார்கள். இதைத் தவிர்க்கத்தான் 1995-ல் ஒரு விதியைத் தெளிவாக எழுதி வைத்தார்கள். பித்தப்பைக்குப் போகிற இரண்டே இரண்டு குழாய்களும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த பிறகே எதையும் வெட்ட வேண்டும் என்பது அதன் சாரம். தெரியவில்லையா, நிறுத்து, வழியை மாற்று. துளை ஒன்றோ நாலோ, பிடிப்பது கையோ இயந்திரமோ, இந்த விதியைப் பொறுமையாகக் கடைப்பிடிக்கிற சர்ஜன்தான் நம்மைக் காப்பாற்றுகிறார்.

திருப்தியை எந்த நாளில் அளப்பது?

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 1996-ல் லான்செட் இதழில் வந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 200 பேருக்குச் செய்தது. பாதிப் பேருக்கு லேப்ராஸ்கோப்பி, பாதிப் பேருக்குச் சின்னதாக ஒரே ஒரு வெட்டு வைத்து நேரடி ஆபரேஷன். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியக் கூடாது என்பதற்காக எல்லோருக்கும் ஒரே மாதிரி கட்டுப் போட்டு மறைத்துவிட்டார்கள். கவனித்துக்கொண்ட நர்சுகளுக்கும் தெரியாது. முடிவு என்ன? ஆஸ்பத்திரியில் இருந்த நாளிலும், பழைய வேலைகளுக்குத் திரும்பிய காலத்திலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஆபரேஷன் நேரம்தான் லேப்ராஸ்கோப்பிக்குக் கூடுதலாக இருந்தது, சராசரி 65 நிமிஷம். வெட்டுக்கு 40.

இதைக் கேட்டுவிட்டு லேப்ராஸ்கோப்பி வேண்டாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். இன்றைய சர்ஜன்கள் அதில்தான் பழகியிருக்கிறார்கள், பழகிய கையே பாதுகாப்பு. நான் எடுத்துக்கொண்ட பாடம் வேறு. "உனக்குச் செய்தது புது முறை, சீக்கிரம் எழுந்துவிடலாம்" என்று சொல்லி அனுப்பினால் மனிதன் சீக்கிரம் எழுந்துவிடுகிறான். "பெரிய ஆபரேஷன்" என்று சொன்னால் ஒரு மாதம் படுத்துவிடுகிறான். தேறுவதில் பாதி வயிற்றில் இருக்கிறது, பாதி நமக்குச் சொல்லப்பட்டதில் இருக்கிறது.

ஆஸ்பத்திரிகள் திருப்திப் படிவத்தை எப்போது நீட்டுகிறார்கள்? டிஸ்சார்ஜ் அன்று, பில் கட்டுகிற கவுன்ட்டரில். கடன் கொடுத்த அன்றே "இந்தக் கடன் நல்ல கடன்" என்று நான் குறிப்பு எழுதினால் என் மேலதிகாரி சும்மா விடுவாரா? பன்னிரண்டு தவணை வந்த பிறகுதானே அது தெரியும்? பத்தாம் நாள் குனிய முடிகிறதா, மூன்றாம் மாதம் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, ஒரு வருஷம் கழித்துத் தொப்புளில் வீக்கம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குகிற திருப்திதான் திருப்தி. அதை எந்த அட்டையிலும் போடுவதில்லை.

நம் குடும்பங்களுக்கு நிஜமான கேள்வி

நம்மைப் போன்றவர்களுக்கு ஓட்டைக் கணக்கைவிடப் பெரிய கேள்விகள் இரண்டு. எங்கே செய்துகொள்வது? வீட்டில் யார் இருப்பார்கள்?

அத்தை விருதுநகரிலிருந்து போனில் ஒரே பிடியாக, "மாப்ள, பேசாம அவள இங்க கூட்டிட்டு வந்துருங்க, மதுரையில பார்த்துக்கலாம்" என்றார். அந்த அன்பை மறுக்க முடியாது. மதுரையில் நல்ல டாக்டர்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். இந்த ஆபரேஷனில் கோளாறு ஏதாவது வந்தால் பெரும்பாலும் மேஜையில் தெரியாது. அடுத்த சில நாட்களில், முதல் ஒரு வாரத்துக்குள் தெரியும். காய்ச்சல், கண் மஞ்சளாவது, குறைய வேண்டிய வலி கூடுவது, நிற்காத வாந்தி, வயிறு உப்புவது. அப்போது ஆபரேஷன் செய்த அதே டாக்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பையனுக்கு ஸ்கூல், எனக்கு லீவு இல்லை என்று மூன்றாம் நாளே ரயிலேறினால், நடுவழியில் ஏதோ ஒரு ஸ்டேஷனில் என்ன செய்வீர்கள்? ஊரில் செய்வதானால் இரண்டு வாரமாவது அங்கேயே இருங்கள். முடியாதா, இருக்கிற ஊரிலேயே செய்துகொள்ளுங்கள். மேலே சொன்னேனே, இந்தப் பக்கத்து சர்ஜன்களுக்கு இது தினப்படி வேலை.

நாங்கள் வேறொரு ஆஸ்பத்திரியில் சாதா நாலு துளையையே எடுத்தோம். மிச்சமான காசில் அத்தைக்கு டிக்கெட் போட்டோம், ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்னதாகவே வந்து இறங்கிவிட்டார். காலையில் ஆபரேஷன், சாயங்காலம் எழுந்து நடந்தாள், மறுநாள் வீடு. இரண்டாம் நாள் வலது தோளில் வலி என்றாள். வயிற்றில் ஆபரேஷன் செய்தால் தோள் ஏன் வலிக்கிறது என்று அத்தை பதறிவிட்டார். வயிற்றை உப்ப வைத்த வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருகிற வலி, இரண்டு மூன்று நாளில் போய்விடும் என்று டாக்டர் முன்பே தமிழில் இல்லாவிட்டாலும் இந்தியிலும் சைகையிலுமாகச் சொல்லியிருந்தார். அந்த ஒரு நிமிஷ விளக்கம் எங்கள் தூக்கத்தைக் காப்பாற்றியது. பத்தாம் நாள் தங்கமணி குனிந்து நிமிர்ந்தாள். டம்ளர் எடுக்கத்தான், குடம் தூக்க இல்லை. கனமான பொருள் தூக்க சில வாரம் பொறுக்கச் சொல்லியிருந்தார்கள்.

கொஞ்சம் காப்பீட்டுக் கணக்கு. 2019-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், ரோபோ ஆபரேஷன் உட்பட 12 நவீன சிகிச்சை முறைகளைப் பாலிசிகள் ஒதுக்கக் கூடாது என்றது. ஆனால் உச்சவரம்பு வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில் அந்த வரம்பு காப்பீட்டுத் தொகையில் 50 சதவீதம். உங்கள் பாலிசியில் என்ன வரம்பு என்று அட்மிஷனுக்கு முன்பே பாருங்கள். தனியாக எடுத்த பாலிசி என்றால் பித்தப்பை கல்லுக்குக் காத்திருப்புக் காலம் இருக்கிறதா என்றும், அறை வாடகை வரம்பைத் தாண்டினால் மொத்த பில்லிலும் விகிதப்படி வெட்டுவார்களா என்றும் படியுங்கள். டீலக்ஸ் ரூம் எடுத்து மாட்டிக்கொண்ட கஸ்டமர்கள் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து பர்சனல் லோன் கேட்டிருக்கிறார்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை என்று நான் எழுதிக்கொண்டு போன பட்டியல்:

1. இந்தக் கல்லுக்கு இப்போது ஆபரேஷன் அவசியமா? (வலியோ தொந்தரவோ இல்லாத கல்லைப் பல சமயம் சும்மா விட்டுவிடுவார்கள்.)
2. ஆபரேஷன் செய்யப்போவது நீங்களேதானா? மாதத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்?
3. உள்ளே தெளிவாகத் தெரியாவிட்டால் திறந்து செய்வீர்களா? ("எனக்கு அப்படி நடந்ததே இல்லை" என்று மார்தட்டுகிறவரைவிட, "தேவைப்பட்டால் தயங்காமல் திறப்பேன்" என்கிறவரே மேல்.)
4. எடுத்த பித்தப்பையைப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா? கங்கைச் சமவெளியில் பித்தப்பைப் புற்றுநோய் அதிகம் என்பதால் இது முக்கியம். ரிப்போர்ட்டை மறக்காமல் போய் வாங்குங்கள்.
5. ராத்திரி இரண்டு மணிக்கு வலி வந்தால் எந்த நம்பருக்குக் கூப்பிடுவது? அந்தப் பக்கம் போனை எடுப்பது யார்?

ஐந்தாவது கேள்விக்கு ஒரு டாக்டர் என்ன பதில் சொல்கிறார் என்பதை வைத்தே நான் பாதி முடிவு எடுத்துவிடுவேன். எங்கள் டாக்டர் சிரித்துக்கொண்டே தன் நம்பரையே எழுதிக் கொடுத்தார்.

உங்கள் ஊரில், நாக்பூரிலோ போபாலிலோ புவனேஸ்வரிலோ, யாராவது இந்த ஆபரேஷன் செய்துகொண்டிருந்தால் வந்து சொல்லுங்கள். எத்தனை ஓட்டை என்று சொல்ல வேண்டாம். எத்தனையாவது நாள் அடுப்படிக்கு வந்தீர்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள், ஒரு வருஷம் கழித்து எப்படி இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். அடுத்துப் படிக்க வருகிற குடும்பத்துக்கு அதுதான் உபயோகம்.